ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘குறை’ என்று சொன்னால்: வடசென்னைத் தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கேன் அறையில் முதலில் நின்றுபோவது பேச்சுதான். அதுவரை “இது கை, இது முதுகெலும்பு” என்று காட்டிக்கொண்டு வந்த டாக்டர் சட்டென்று மௌனமாகி, ஒரே இடத்தில் கருவியை அழுத்தி அழுத்தி ஓட்டுவார். நம் கண் அப்போது திரையில் இருக்காது, அவர் முகத்தில் இருக்கும். பிறகு வெளியே உட்காரச் சொல்வார்கள். “கூட யார் வந்திருக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே பாதி உயிர் போய்விடும்.

எனக்கு இது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் நடந்தது. சில வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சில பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறேன். நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. வரிசையில் நின்று பழகியவள், அவ்வளவுதான். என் குழந்தைக்கு என்ன குறை, கடைசியில் என்ன ஆயிற்று என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வீர்கள். நான் அந்த நாட்களில் அப்படித்தான் ஒவ்வொருத்தியின் கதையையும் என் வயிற்றின்மேல் வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இது நேற்றோ இன்றோ அந்தச் செய்தியைக் கேட்டவருக்கு. அவரோடு ஆட்டோவில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தவருக்கும்தான்.

அந்த வாசலைவிட்டு இறங்கும் முன்

முதல் வேலை, அந்தக் குறைக்கு ஒரு பெயர் வாங்குவது. “தலையில் தண்ணீர் மாதிரி இருக்கிறது”, “இதயத்தில் ஏதோ தெரிகிறது” என்பதெல்லாம் பெயர் ஆகாது. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை டாக்டரையே வாசித்துக் காட்டச் சொல்லி, காதில் விழுகிறபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யவில்லை. பாதி காதில் விழுந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போனேன். என் கொழுந்தன் அதைப் போனில் தேடி வாசித்துக் காட்டியது வேறொரு நோயை. குழந்தைக்கு இல்லாத ஒரு நோய்க்காக மூன்று இரவு அழுதேன். இருந்த நோய்க்கான அழுகை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அடுத்தது வாரக் கணக்கு. ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் ‘20 வாரம் 3 நாள்’ என்பதுபோல ஒன்று இருக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது அது. வீட்டில் ‘ஐந்து மாதம்’ என்று சொல்லிப் பழகியிருப்போம். இனி வாரத்தில்தான் எண்ண வேண்டும்; சட்டமும் பரிசோதனைகளும் வாரத்தைத்தான் கேட்கின்றன. தினசரிக் காலண்டரில் 24 வாரம் முடிகிற தேதியைத் தேடி வட்டமிடுங்கள்; கர்ப்பத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவுக்குச் சட்டத்தில் அது முக்கியமான எல்லை. 20 வாரம் 3 நாளில் இருப்பவருக்கு அது 25 நாள் தூரத்தில் இருக்கும். “நாளைக் காலைக்குள் முடிவைச் சொல்லு” என்று யாராவது விரட்டினால் அந்த வட்டத்தைக் காட்டுங்கள். “வடிவுடையம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்பவருக்கும் அதே வட்டத்தைக் காட்டுங்கள். அம்மனுக்கு முடிந்து வைத்தது அப்படியே இருக்கட்டும். தேதி மட்டும் காத்திருக்காது.

தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட், படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது அரசு தந்த எண்) எழுதிய தாய் சேய் அட்டை, ஆதார் எல்லாம் ஒரே பையில். இரண்டு ஜெராக்ஸ்.

இன்னொன்று. சில வீடுகளில் “டாக்டர் எதையோ மறைக்கிறார், சட்டம் இருப்பதால் சொல்ல மாட்டேன் என்கிறார்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1994இல் வந்த சட்டம் தடுப்பது, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை. உடலில் உள்ள குறையைச் சொல்வதை அது தடுக்கவில்லை. ஸ்கேனுக்கு முன் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருப்பதும் அதுதான். பாலினத்தைக் கேட்காதீர்கள். மற்றதை எல்லாம் கேளுங்கள். கேட்க உரிமை இருக்கிறது.

‘குறை’ என்ற ஒரே சொல்

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘குறை’ என்ற ஒரே சொல்தான். இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் குறை, மண்டையோடு உருவாகாததும் குறை. இந்தச் சொல்லே பாதி பயத்தை உண்டாக்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

பிறக்கும் குழந்தைகளில் நூறில் இரண்டு, மூன்று பேருக்கு ஏதோ ஒரு பெரிய உடற்குறை இருக்கிறது. இது எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் நடப்பது. ஆனால் ஸ்கேனில் ‘தெரிந்த’ எல்லாமே அந்தக் கணக்கில் வருவதில்லை. மூளையில் சின்ன நீர்க்கட்டி, இதயத்தில் வெள்ளைப் புள்ளி போன்றவை தனியாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் செய்வதில்லை. டாக்டர்கள் அவற்றை ஓர் அடையாளக் குறிப்பாக எழுதுகிறார்கள். கூட வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லும் குறிப்பு. சிறுநீரகத்தில் லேசான வீக்கமும் பல குழந்தைகளுக்குத் தானாக வடிந்துவிடும். பிறந்த பிறகு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்த வகை, சரிசெய்யக்கூடியவை. உதட்டுப் பிளவுக்குப் பிறந்த சில மாதங்களில் அறுவை செய்கிறார்கள். பாதம் உள்பக்கம் வளைந்திருந்தால் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு நேராக்குகிறார்கள், பிறகு சில வருடங்கள் விசேஷக் காலணி. இதயத்தில் ஓட்டை என்றால் சில தானாக மூடும், சிலவற்றுக்கு ஆபரேஷன், சில மிகவும் சிக்கலானவை. ஒரே ‘ஓட்டை’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. முதுகுத்தண்டு மூடாமல் போனால் பிறந்ததும் அறுவை செய்யலாம். ஆனால் எந்த உயரத்தில் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நடப்பதும் சிறுநீர் அடக்குவதும் வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்படலாம். மண்டையோடு உருவாகாத குழந்தையும், இரண்டு சிறுநீரகமும் இல்லாத குழந்தையும் பிழைப்பதில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் டாக்டரைவிட, நேராகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்காருபவர் மேல்.

ஆகையால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பெயர் என்ன? எவ்வளவு உறுதி? இந்தப் பெயருக்கு உட்பட்ட குழந்தைகளில் லேசானது எது, மோசமானது எது, என் குழந்தை அதில் எங்கே நிற்கிறது?

உறுதிப்படுத்துவது

ஒரே ஸ்கேனை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதல் மையத்தின் மேல் சந்தேகம் என்று இதற்கு அர்த்தமில்லை. கருவில் உள்ள குழந்தையை மட்டுமே பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கண் வேறு. தலைப் பிரச்சினைக்குச் சில நேரம் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். இதயத்துக்கு எக்கோ என்று தனி ஸ்கேன் உண்டு.

வசதி இருப்பவர்கள் தனியாரிடம் போகிறார்கள். மற்றவர்களுக்கு வழி இதுதான்: உங்கள் வார்டு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியின் ஓ.பி.க்குப் போவது. அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. ஆகவே குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர் என்று யாரைப் பார்க்கச் சொன்னாலும் பெரும்பாலும் ஸ்டான்லியிலேயே முடிந்துவிடும். சிலரை எழும்பூருக்கு அனுப்புவார்கள். 1844இல் தொடங்கிய தாய் சேய் மருத்துவமனையும் குழந்தைகள் நல மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. விம்கோ நகரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வருபவர்கள் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் வண்டி மாறினால் எழும்பூர். வெயிலில் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வருவதைவிட வயிற்றுக்காரிக்கு இது நல்லது.

சீக்கிரம் போங்கள். கூட்டம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் “ரிப்போர்ட்டில் குறை என்று எழுதியிருக்கிறது, இத்தனை வாரம்” என்று சீட்டு எழுதுகிற இடத்திலேயே சொல்லிவிட்டால் வரிசை மாறும். சொல்லக் கூச்சப்பட்டுச் சாதாரண செக்கப் வரிசையில் மதியம்வரை நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

குரோமோசோம் (உடலின் செல்களில் மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறு இருக்கலாம் என்று நினைத்தால் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். 15 வாரத்துக்குப் பிறகு செய்வது. ஊசி குழந்தையின்மேல் படாமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். இதனால் கரு கலைகிற அபாயம் உண்டு, நூறில் ஒன்றுக்கும் குறைவு. சில முக்கியமான குரோமோசோம்களின் முடிவு சில நாட்களில் வந்துவிடும். முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வாரத்தில் செய்தி தெரிந்து, ஊசி போடலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்து, முழு முடிவுக்கு மூன்று வாரம் காத்திருந்தால் 24 வாரம் தாண்டிவிடும். யோசிக்க வேண்டியதை ஊசி போட்டுவிட்டு, காத்திருக்கும் நாட்களில் யோசிக்கலாம். எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு, ஊசிக்கு முன்னால் யோசித்தே நாளைக் கடத்துவதுதான்.

இரத்தப் பரிசோதனையில் ‘அபாயம் அதிகம்’ என்று வந்தால் அதுவும் உறுதி இல்லை. அது சல்லடை; சல்லடையில் நின்றதெல்லாம் கல்லாக இருக்க வேண்டியதில்லை.

வயிற்றில் அசைவு தெரியும்போது

இதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐந்தாம் மாதம்தான் குழந்தை அசைவது தெரியத் தொடங்கும் காலம். முதல் பிள்ளை என்றால் 18, 20 வாரத்தில். நேற்றுவரை அந்தச் சிறு துடிப்புக்காகக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள், ஸ்கேனுக்குப் பிறகு அதே துடிப்பு வந்தால் நடுங்குகிறாள். அசைந்தால், “ஐயோ, இதையா நாம் விடப்போகிறோம்” என்று ஒரு பயம். அசையாவிட்டால், “போய்விட்டதோ” என்று வேறொரு பயம். சிலருக்கு நச்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் இருக்கும். அவர்களுக்கு இயல்பாகவே அசைவு மந்தமாகத்தான் தெரியும். இது தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் கணவனை எழுப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. நச்சுக்கொடி எங்கே என்று ரிப்போர்ட்டில் இருக்கும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையோடு பேசுவதை நிறுத்திவிடுவதும் நடக்கும். மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது. “நீ கல்நெஞ்சக்காரி” என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். மாறாக, முன்னைவிட அதிகமாகப் பாடிக்கொண்டும் தடவிக்கொண்டும் இருந்த ஒரு காசிமேட்டுப் பெண்ணைப் பார்த்து அவள் மாமியார் “இவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது” என்றார். அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகப் புரிந்திருந்தது.

முதல் சில நாட்கள் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். இதில் நோய் என்று எதுவும் இல்லை. செய்ய முடிந்த சில சின்ன விஷயங்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் போனில் அந்த நோயின் பெயரைத் தேடாதீர்கள். தேடியே ஆக வேண்டுமென்றால் பகலில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு. போனில் வரும் படங்கள் எப்போதும் மிக மோசமான குழந்தையின் படங்கள்தான். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்; முடிவு எதுவானாலும் உங்கள் உடலில் இரத்தம் வேண்டும். காலையில் வெயிலேறும் முன் கால்மணி நேரம் நடங்கள். தூக்க மாத்திரையை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இந்தப் படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எழுந்து பல் துலக்கவே முடியாமல் போனாலோ, மூச்சடைப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக மாற்றி வைத்திருக்கும் நகரம் இது. அதனால் நம் பெண்களுக்கு அந்தக் கதவு பக்கம் போகவே கூச்சம். ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மற்ற ஓ.பி.க்களைப் போலத்தான் அதுவும். கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்து கேள்விகள் தரலாம். கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். நல்ல பிள்ளைபோல் பதில் எழுதாமல் உண்மையை எழுதுங்கள். அதன் கடைசிக் கேள்வி, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த எண்ணம் வந்திருந்தால் கேள்வித்தாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104லும் ஆலோசனை கிடைக்கும். தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். அவசரமென்றால் 108.

கவுன்சலிங் அறையில்

கவுன்சலிங் என்றால் புத்திமதி என்று நினைத்துக்கொண்டு போனேன். “தைரியமாக இருங்கள், கடவுள் இருக்கிறார்” என்று சொல்லி அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்பவர்களும் உண்டு, அவர்களிடமிருந்து சீக்கிரம் எழுந்து வந்துவிடலாம்.

உண்மையில் அங்கே இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று, குறையைப் பற்றியது: அது என்ன, ஏன் வந்திருக்கலாம், குழந்தை எப்படி வளரும், அடுத்த முறை வருமா. இதைக் கரு மருத்துவரோ மரபியல் ஆலோசகரோ, தேவைப்பட்டால் குழந்தைகள் அறுவை மருத்துவரோ சொல்வார்கள். இன்னொன்று, உங்களைப் பற்றியது: பயம், குற்ற உணர்ச்சி, வீட்டுச் சண்டை. இதற்கு உளவியலாளர் அல்லது மனநல மருத்துவர். முதலாவதை மட்டும் முடித்துவிட்டு “கவுன்சலிங் ஆகிவிட்டது” என்று அட்டையில் எழுதி அனுப்பிவிடுவது நடக்கும். இரண்டாவதை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டு போங்கள். கேள்விகளை முந்தின நாளே எழுதுங்கள். உள்ளே போனதும் காது அடைத்துவிடும், பாதிதான் கேட்கும். அதனால் கூட வருபவர் எழுதட்டும், நீங்கள் கேளுங்கள். கூட வருபவர் அழாதவராக இருந்தால் நல்லது. என் அம்மா வந்தார், அவரைத் தேற்றுவதிலேயே எனக்கு அரைமணி நேரம் போயிற்று. எந்த மொழியில் வேண்டுமானாலும் டாக்டர் பேசலாம், முடிவில் நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் தமிழில் திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள். தவறு இருந்தால் அப்போதே திருத்துவார்கள். ஒரே தடவையில் எல்லாம் ஏறாது, “இன்னொரு முறை வரலாமா?” என்று கேளுங்கள்.

எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “டாக்டர், உங்கள் மகளாக இருந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?” நானும் கேட்டேன். நல்ல டாக்டர் பதில் சொல்ல மாட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது, இவர் நழுவுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: அவர் மகளுக்கு வேறு வீடு, வேறு சம்பளம், வேறு கணவன். ‘தொடருங்கள்’ என்றோ ‘எடுத்துவிடுங்கள்’ என்றோ தள்ளாமல், இரண்டு பாதையிலும் என்னென்ன வரும் என்று விளக்கிவிட்டு உங்களிடம் விடுவதுதான் இந்த ஆலோசனையின் முறை. அந்தக் கேள்விக்குப் பதிலாக இப்படிக் கேட்டுப்பாருங்கள்: “இதே குறையோடு பிறந்த குழந்தையின் ஒரு நாள் எப்படி இருக்கும்? எத்தனை ஆபரேஷன்? எங்கே? பள்ளிக்குப் போகுமா? எனக்குப் பின்னால் யார் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்?” இவற்றுக்கு அவர்கள் பதில் சொல்வார்கள்.

சட்டத்தில் உங்கள் கையெழுத்து

1971இன் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரத்துக்குள் இரண்டு மருத்துவர்கள் வேண்டும். கருவில் கடுமையான குறை இருப்பது அதற்கான காரணங்களில் ஒன்று. 24 வாரம் தாண்டினால் கணிசமான குறை இருக்கிறது என்று மாநில அரசின் மருத்துவக் குழு சொல்ல வேண்டும். விண்ணப்பம் வந்த மூன்று நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் விண்ணப்பத்திலிருந்து ஐந்து நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இதில் நம் பக்கத்துக்கு மிக முக்கியமான வரி: 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. காசிமேட்டில் விசைப்படகில் போனவர் கரை சேர நாட்கள் ஆகும், நடுக்கடலில் போன் எடுக்காது. ஒரு பெண்ணின் கணவர் அப்படிப் போயிருந்தபோதுதான் அவளுக்குச் செய்தி வந்தது. “அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய மாட்டார்கள்” என்று எல்லோரும் சொல்ல, ஊசிப் பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவரிடம் பேசி முடிவெடுக்க நினைத்தது அவள் விருப்பம், நியாயமும்கூட. ஆனால் சட்டம் அவரது கையெழுத்தைக் கேட்கவில்லை. தொடர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. உங்கள் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு எவரிடமும் மருத்துவர் சொல்லக் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் கடை மாத்திரை வாங்கி வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐந்தாம் மாதத்தில் அது உயிரைக் குடிக்கும்.

வீட்டுக்குள்

“கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாயே.” இந்தச் சொல்லைக் கேட்காத பெண் எங்கள் தெருவில் இல்லை. தண்ணீர் லாரியில் குடம் பிடித்தது, பப்பாளி தின்றது, நாத்தனாரோடு சண்டை போட்டது என்று பட்டியல் நீளும். ஒரு உண்மையை மட்டும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்பதே நிச்சயமாகத் தெரியாது. உதடும் இதயமும் மூன்று மாதத்துக்குள் உருவாகிவிடுகின்றன. நான்காம் மாதம் தூக்கிய குடம் இதற்குப் பொறுப்பாக முடியாது.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணந்தவர்களுக்குப் பிறவிக் குறைகளின் அபாயம் கூடுதல், ஏறக்குறைய இரட்டிப்பு. டாக்டரிடம் இதை மறைக்காதீர்கள். அதேநேரம் அந்தத் திருமணத்தைச் செய்துவைத்தவர்களே பிறகு அதை உங்கள்மேல் பழியாகப் போட்டால் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம்.

தெருவில் “எத்தனை மாதம்?” என்று கேட்பார்கள். வயிறு தெரியும்போது மறைக்க வழியில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: “இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது அக்கா, முடிந்ததும் நானே சொல்கிறேன்.” அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. வளைகாப்பு விஷயமும் உங்கள் இஷ்டம். தொடர முடிவுசெய்த ஒரு பெண், எம்.சி. ரோட்டில் கண்ணாடி வளையல் மட்டும் வாங்கிவந்து, வீட்டிலுள்ள நான்கு பேரோடு செய்துகொண்டாள்.

கணவர்கள் அழுவதில்லை, எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். அவரையும் ஒரு முறையாவது ஆலோசனைக்கு உள்ளே அழைத்துப்போங்கள். என் வீட்டுக்காரர் அந்த அறையில்தான் முதல் தடவையாக “எனக்கும் பயமாக இருக்கிறது” என்றார்.

அதற்குப் பிறகு

தொடர்ந்தால்: குழந்தை எங்கே பிறக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பிறந்தவுடன் அறுவை தேவைப்படும் குழந்தை, அந்த வசதிக்கு அருகில் பிறப்பது நல்லது. குழந்தைகள் அறுவை மருத்துவரைப் பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள், வலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைய முடியாது. பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பிறப்பிலிருந்து 18 வயதுவரை அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுத்தினால்: இந்த மாதத்தில் அது பெரும்பாலும் பிரசவம்போலத்தான் நடக்கும், வலி உண்டு, வலிக்கு மருந்தும் உண்டு. குழந்தையைப் பார்க்க வேண்டுமா, உடலை என்ன செய்வார்கள், நமக்குத் தருவார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கேட்க வாய் வராது. பார்த்தவர்களிலும் பார்க்காதவர்களிலும் வருந்தியவர்கள் உண்டு, வருந்தாதவர்களும் உண்டு. காரணம் தெரியவில்லை என்றால் குழந்தையின் உடலையும் குரோமோசோமையும் சோதிக்கலாமா என்றும் கேளுங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு அது உதவும்.

யாரும் சொல்லாமல் விட்டு, பிறகு அடித்துப் போடும் ஒன்று: சில நாட்களில் பால் சுரக்கும். ஐந்தாம் மாதத்திலும் சுரக்கும். “மூன்றாம் நாள் காலை ரவிக்கை நனைந்து எழுந்தபோது நான் உடைந்ததுபோல் ஸ்கேன் அன்றுகூட உடையவில்லை” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். பாலைப் பீய்ச்ச வேண்டாம், பீய்ச்சினால் இன்னும் ஊறும். இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த துணி. பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள். காய்ச்சலோ துர்நாற்றத்தோடு போக்கோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மகப்பேறு நலச் சலுகை சட்டப்படி பொருந்தும் இடத்தில் வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு உண்டு, மருத்துவரின் சான்று வேண்டும். பலருக்கு இது தெரியாமல் பத்தாம் நாளே தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த ஸ்கேன் பையைத் தூக்கிப் போடாதீர்கள். பரண்மேல் போட்டு வைத்தாலும் சரி. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். முதுகுத்தண்டுக் குறை இருந்தவர்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலத்தைச் சாதாரண அளவைவிடப் பத்து மடங்கு எடுக்க வேண்டியிருக்கும். அளவை டாக்டர் எழுதித் தருவார், கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் தாமதம். ஸ்கேனையும் 11 முதல் 13 வாரத்துக்குள் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று என்று முன்கூட்டியே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஸ்கேன் படுக்கையில் படுக்கும் முன் டாக்டரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். “டாக்டர், போன முறை இந்த அறையில்தான் கெட்ட செய்தி கேட்டேன். நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும். பார்க்கப் பார்க்கச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.” நான் சொன்னேன். அந்த டாக்டரம்மா என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்து, தலையிலிருந்து தொடங்கினார்.